இடப்பக்க நாற்காலி

மார்ச் 4

என் தம்பியின் மனைவிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நீ கேட்கப்போவதில்லை என்றாலும், போய்ச் சேர்ந்ததைத் தெரிவிப்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். தம்பிக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்து, மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பிய செய்தி எனக்கு உன்னிடமிருந்து வரவில்லை. உங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் புறப்பட்டு வந்தேன். என் கணவர் இறந்த நாள் முதல் அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். சிகரெட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், காற்று வாங்கிவிட்டு வருகிறோம் என்று அவரை அழைத்துப்போய்த் தெருமுனையில் நிறுத்தி ஊத வைத்தவன் அவன். அதை நான் எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவன் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்படியும் படுத்துவிட்டான் என்றதும் வந்தது நான்.

வந்து என்ன கண்டேன்? நீ வாசலில் தலையை ஆட்டினாய், நாற்காலியைக் காட்டினாய், உள்ளே போய்விட்டாய். "அக்கா வந்திருக்காங்க" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது, செய்தி முடிந்தது, விளம்பரம்கூட முடிந்தது. கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முதலில் திறக்க வேண்டியது அவன்.

நோயாளி, அப்படித்தான் இருப்பான் என்று நீ சமாதானம் சொல்ல வேண்டாம். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் காட்சியகத்தில் கண்ணாடி ஜாடிகளையும் அதிலுள்ள மூளைகளையும் காத்தே என் தலை நரைத்தது. பையன்கள் எனக்கு ஜாடியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அடைப்பு வந்தது பெருமூளையின் வலது பாதியில். வலது பாதி உடம்பின் இடது பக்கத்தை ஆள்வது. அதனால் அவன் இடது கை தளர்ந்துவிட்டது. சரி. ஆனால் பேச்சு, அவனைப் போல வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பாதியில் இருக்கிறது, அதற்குக் கேடில்லை. கேட்பது காதுக்கு உட்புறமுள்ள பொட்டு மடலின் வேலை. ரேடியோ கேட்கிறவனுக்கு அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. பார்த்ததைப் புரிந்துகொள்வது பின்னந்தலையிலுள்ள பிடரி மடல். யாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்ற மட்டு மரியாதையெல்லாம் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன் மடலில் இருக்கிறது. அதிலும் பழுதில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் நீயே சொல்லியிருக்கிறாய். ஆகவே அவன் முகம் கொடுக்காதது நோயினால் அல்ல. அது அவன் திமிர்.

இனி வரமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் கணவனின் அக்கா


மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தையல் வேலை முடித்து உட்கார்ந்து, மூன்று முறை படித்தேன். உங்களைப் போலக் கோவையாக எழுத எனக்கு வராது.

சொல்லியனுப்பாதது என் தப்பு. ஆனால் எந்த முகத்தோடு சொல்லியனுப்புவது? அத்தான் உடலை எடுப்பதற்கு முன்னால், அத்தனை பேர் நடுவில், "நீதாண்டா கொன்னே, வெளியே போ" என்றீர்கள். இவர் செருப்பைக்கூடப் போடாமல் வீடு வரை நடந்தார். அன்றோடு சிகரெட்டை விட்டவர்தான். அது உங்களுக்குத் தெரியாது.

திமிர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் படித்தவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவர் நன்றாக இருக்கிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். சாப்பாடு வைத்தால் தட்டில் ஒரு பக்கத்தை வழித்துச் சாப்பிடுகிறார், மறு பக்கத்தில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதற்குள், "இவ்ளோதானா? வீட்ல என்ன பஞ்சமா?" என்று கத்தல். முகம் மழித்தால் ஒரு கன்னம் பளபளவென்று இருக்கும், இன்னொன்று முள்ளுமுள்ளாக அப்படியே. பிடித்து நடக்கவைத்தால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டுகிறார். முடிதிருத்தும் கடைக்காரர் பாவம், அண்ணன் மனசு தேறட்டும் என்று ஒரு சின்னப் பலகை கொண்டுவந்து கடைப் பெயர் எழுதச் சொன்னார். ஊரில் பாதிப் பலகைகள் இவர் கை எழுதியவைதானே. எல்லா எழுத்தையும் ஒரு ஓரமாக நெருக்கி எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, என் பேரு பலகையை விட்டுக் குதிச்சு ஓடப் பாக்குது?" என்றார். இவரும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று இவருக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் உள்ளே போய் அழ வேண்டியிருந்தது.

எழுதக்கூடாது என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். நேற்று மாலை கேட்டார்: "அக்காவுக்கு யாராவது சொன்னாங்களா? எட்டிக்கூடப் பாக்கலியே." நான் துணி துவைக்கப் போய்விட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 12

தம்பியின் மனைவிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நான் வந்து உட்கார்ந்திருந்தவள், எட்டிப் பார்க்கவில்லை என்று அவன் எப்படிச் சொல்லலாம்? நினைவு போய்விட்டதா? மூளையின் நடுவில் கடல்குதிரை வடிவத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. புதிய நினைவுகளைப் பதிவது அதன் வேலை. அது கெட்டுப்போயிருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் நினைவு போயிருந்தால் அதைத்தான் நீ முதலில் எழுதியிருப்பாய். பிறகு தட்டைப் பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். கன்னத்தை. கதவு நிலையை. பலகையை.

எந்தக் கன்னம் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. இடது கன்னம்.

அன்று நான் மடல்களை வரிசையாக அடுக்கி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு மேலே இருக்கும் உச்சி மடல். தொட்டதை உணர்வது அதன் வேலை. நம்மைச் சுற்றி எங்கே என்ன இருக்கிறது என்று கணித்துக் கவனத்தை அனுப்புவதும் அதுதான். வலது பக்கம் அது பழுதானால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே ஆளுக்கு இல்லாமல் போய்விடும். கண் குருடில்லை, காது செவிடில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்குக் கவனம் போகாது. போகவில்லை என்பதும் தெரியாது. பாதித் தட்டைச் சாப்பிட்டவன் முழுத் தட்டையும் முடித்ததாகவே நினைப்பான்.

காட்சியகத்தில் அந்த மடல் இருந்த ஜாடிக்கான பெயர்ச்சீட்டை எழுதியது நான். பழுப்பேறினால் மாற்றி எழுதியதும் நான்தான். தேர்வுக்கு வரும் பையன்கள் வலது உச்சி மடலை மறந்தால், "இதை மறக்கிறவன் நோயாளியைப் பாதிதான் பார்ப்பான்" என்று கடிந்துகொண்டதும் நான்தான்.

உன் வீட்டு அறையைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஜன்னலும் ரேடியோவும் அவனுக்கு வலது பக்கம். கதவும் என் நாற்காலியும் இடது பக்கம். நான் வந்ததையும் இருந்ததையும் போனதையும் அவன் அறியவில்லை. "டேய்" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால், குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடியாவது இருப்பான். நான் கூப்பிடவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தேன்.

இதை டாக்டர் உன்னிடம் விளக்கவில்லை என்றால் அவர் கழுதை. இனிமேல் பாதிச் சாப்பாடு ஆனதும் தட்டைத் திருப்பி வை. ஜன்னல் பக்கத்திலும் ஒரு நாற்காலி இருந்தது. அதில் துவைத்த துணி குவிந்திருந்தது. நான் திடுதிப்பென்று வந்து நின்றதால் அதை எடுத்து வைக்க உனக்கு நேரம் இருந்திருக்காது. அடுத்த முறை சொல்லிவிட்டு வருகிறேன். வரலாமா?

அக்கா


மார்ச் 18

அண்ணி,

வரலாமா என்று நீங்கள் என்னிடம் கேட்டது இதுதான் முதல் முறை. அதனாலேயே இந்தக் கடிதத்தை எழுத முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் கழுதை இல்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே எல்லாம் சொன்னார். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கத்தில் நின்றால் அவருக்குத் தெரியாது என்று காட்டிவிட்டுப் போனாள். தட்டைத் திருப்பி வைக்கவும் எனக்குத் தெரியும். தினமும் வைக்கிறேன்.

ஜன்னல் பக்க நாற்காலியில் துணி முன்பே குவிந்திருக்கவில்லை. நீங்கள் தெருவில் வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை அப்படியே அள்ளி வந்து அந்த நாற்காலியில் போட்டேன். பாதித் துணி ஈரம். பிறகு இன்னொரு நாற்காலியை இடது பக்கம் இழுத்துவைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். "அக்கா வந்திருக்காங்க" என்று சொல்ல மறக்கவில்லை. சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இவரைத் துரத்தினீர்களே, அதற்காக என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அது மட்டும் இல்லை, அண்ணி. கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருப்பேன். அத்தானோடு பேசுவீர்கள், இவரோடு பேசுவீர்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவீர்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை டீ ஊற்றும்போது என் கோப்பையைத் தாண்டி அடுத்த கோப்பைக்குப் போனீர்கள். வேண்டுமென்றே இல்லை, அது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு மணி நேரமாவது இவங்களும் இப்படி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரமும் சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். ஒருமுறை அவர் போர்வை நழுவியது. நீங்கள் கையை நீட்டிவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். அப்போதே ஓடிவந்து சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை.

அவர் இன்னும் தினமும் கேட்கிறார். வாருங்கள். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அக்கா விஷயத்தில் அவர் அப்படித்தான். ஆனால் நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 23

தம்பியின் மனைவிக்கு,

உனக்கு முதலில் எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஒரு வார்த்தை மிகையில்லை. உன்னைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். தபாலில் போடப் போன வழியில், எங்கள் வீட்டில் நீ வழக்கமாக எங்கே உட்காருவாய் என்று நினைத்துப் பார்த்தேன். அதையும் ஒரு வரி சேர்க்கலாம் என்றுதான் யோசித்தேன்.

நினைவு வரவில்லை.

என் கணவர் எங்கே உட்காருவார் என்று தெரியும். தம்பி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவான். பூனை எங்கே படுக்கும் என்றுகூடத் தெரியும். நீ எந்த இடத்தில் இருந்தாய், என்ன உடுத்தியிருந்தாய், என்ன பேசினாய் என்று ஒன்றுமே வரவில்லை. டீக்கோப்பை விஷயம் பொய் என்று எழுத நினைத்தேன். பொய்யென்று சொல்வதற்கும் அது நினைவில் இருக்க வேண்டும் அல்லவா?

எனக்கு எந்த மடலும் பழுதாகவில்லை.

பள்ளியில் எங்களுக்குப் பாடம் சொன்ன கன்னியாஸ்திரிகள், நல்ல நடத்தை என்பது அறையிலுள்ள எல்லோருக்கும் வணக்கம் சொல்வதில் தொடங்குகிறது என்பார்கள். நடத்தைக்காக ஒவ்வோர் ஆண்டும் பரிசு வாங்கியவள் நான்.

நீ செய்தது தப்பு. நோயாளியை வைத்துக் கணக்குத் தீர்த்தது பெரிய தப்பு. அதைக் குறைத்து எழுத என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவனிடம் என்ன சொல்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பொய் சொல்லமாட்டேன் என்று நீ எழுதியது சரி.

அக்கா


ஏப்ரல் 1

அண்ணி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

நேற்று நீங்கள் ஜன்னல் பக்கமாகப் போய் நின்றபோது நான் டீயோடு கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தேன். கோப்பையும் தட்டும் உரசிக் கடகடவென்று சத்தம் வந்தது.  இவர் உங்களைப் பார்த்ததும் என்ன சொல்வாரோ என்றிருந்தேன். "யாரு, ஜாடிக்காரியா? வழி தெரிஞ்சுதா?" என்றார். உங்களை அப்படிக் கூப்பிட ஊரில் வேறு யாருக்குத் தைரியம் இருக்கிறது! நீங்கள் முறைத்தீர்கள். அடுத்தது வந்தது: "பாதி செத்தாச்சு. மீதி எப்போன்னு பாத்துட்டுப் போக வந்தியா? இத்தனை நாளா ஏன்க்கா வரலை? நான் கிடந்தப்போ ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கோப்பையை எங்கேயாவது வைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"வரலைடா. தப்புதான்," என்றீர்கள்.

அவர் அழுதார். அத்தான் விஷயத்தில் தான் செய்ததும் தப்பு என்றார். அத்தான் கெஞ்சினார் என்பதற்காக வாங்கிக் கொடுத்தேன், மறுத்திருக்க வேண்டும் என்றார். நீங்கள், "விடுடா, அந்த மனுஷன் யார் பேச்சைக் கேட்டார்?" என்று போர்வையைச் சரிசெய்தீர்கள். பிறகு இடது பக்கம் போய் நின்றுகொண்டு, "டேய், இங்கே பாரு, இங்கே பாருடா" என்று விடாமல் கூப்பிட்டு, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடி உங்களைக் கண்டுபிடித்ததும், ஏதோ பரீட்சையில் பாஸானவனைப் பார்ப்பது போல் பார்த்தீர்கள்.

நீங்கள் போன பிறகு, "அக்கா இளைச்சுட்டா. ஆனா வந்ததே பெரிசு. அவ ரோஷக்காரி, உனக்குத் தெரியாது" என்றார். இன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். உடம்பு முடியாமல் கிடந்த தம்பியை வந்து பார்க்காதவர் என்று உங்களை நினைத்து, அதை மன்னித்தும்விட்டார். அவர் மன்னித்ததைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

எனக்காக நீங்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும், அண்ணி? நானே சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 5

அம்மாடி,

நான் பொய் சொல்லவில்லை. அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் உனக்காகத் தியாகம் செய்தவள் என்ற பெயரைச் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

அவன் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, வந்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாற்காலி எங்கே இருந்தது, யார் போட்டது என்பதும் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது உன் கையிலிருந்த கோப்பைச் சத்தம் கேட்டது. உனக்காக இரங்கினேன் என்று நினைக்காதே. அந்தச் சத்தத்தில் ஒரு கணம் நின்றேன், அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன்: அன்று வந்தது யார்? என் உடம்பு வந்தது, கைப்பை வந்தது, எனக்குச் சேர வேண்டிய மன்னிப்பு வந்தது. நோயாளியான தம்பியைப் பார்க்க அக்கா ஒருத்தி வந்திருந்தால், நாற்காலி எந்தப் பக்கம் கிடந்தாலும் வாசற்படியிலேயே அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். போர்வை நழுவியபோது நீட்டிய கையை மடக்கியிருக்கமாட்டாள். ஆகவே வரவில்லை என்று சொன்னதுதான் சரியான விடை. நான் மதிப்பெண் போடுகிறவளாக இருந்தால் முழு மதிப்பெண் போடுவேன்.

அவனிடம் நீ சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். சொல்வதானால், உன் மனப்பாரம் இறங்குவதற்காகச் சொல்லாதே. அதை அவன் தலையில் இறக்கிவைக்காதே. அந்தத் தலை இப்போது பாதி உலகத்தைத்தான் தாங்குகிறது. அவன் நன்றாகத் தேறி, உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு மறுநாள் சாப்பாடு கேட்கும் நிலைக்கு வந்த பிறகு சொல். அன்று நானும் பக்கத்தில் இருக்கிறேன். என் பங்கை நான் சொல்கிறேன்.

அவன் மன்னிப்புக் கேட்டான். அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். கையில் கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரின் அலமாரியைத் திறந்து, மூடினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பயிற்சிக்காரப் பெண் சொன்னபடி, இடது பக்கத்திலிருந்து அவனை ஓயாமல் தொந்தரவு செய்வது என் பொறுப்பு. அவனுக்குப் பிடிக்காது, நல்லதுதான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டீ கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதே. எனக்கு எதிரில் உட்கார். எத்தனையோ காலமாக எங்கள் வீட்டுக்கு வந்துபோனவளோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தையலைப் பற்றிக் கேட்பேனோ என்னவோ, அது அபத்தமாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் சிரித்துவிடு. பேச்சை நானே தொடங்குகிறேன்.

உன் அண்ணி